ஓம் சொல்லக்கூடாத மைதானம்

நான் அந்த மைதானத்துக்குப் பொறுப்பாக வந்த முதல் நாள், பேணாட் கேற்றடியிலேயே என்னை மறித்தார். பகலில் ஓட்டோ ஓடுகிறவர். விடியற்காலையில் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்கு இரும்புக் குண்டு எறியப் பழக்குகிறவர். உள்ளே மக்டலின் அன்ரி நிற்கிறா, நல்ல மனுசி, எதைப் பற்றியும் கதைக்கலாம், ஆனால் அவ என்ன கேட்டாலும் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ என்றார். தலையாட்டலாம். "சரி" சொல்லலாம். அந்த ஒரு சொல் வேண்டாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம் என்பதற்கு எங்கள் வாயில் நாளுக்கு நூறு தரம் வருகிற சொல்லை எப்படி விழுங்குவது?

ஐந்து நிமிடம் போகவில்லை. கோடு போடுகிற சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மக்டலின் அன்ரி வந்தார். ஐம்பது கடந்த மெலிந்த உடம்பு, வெறுங்கால், கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை. "நீங்கள்தானோ புது சேர்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பி, ஓட்டப் பாதையின் கடற்பக்க வளைவைப் பார்த்தார். அங்கே ஒருவருமில்லை. மதில், மதிலுக்கு வெளியே ஊர் ஆடுகள்போல மேய்கிற இரண்டு புள்ளிமான்கள், அதற்கும் அப்பால் குடாவில் நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பல். பிறகு வாளியை வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனவர், அன்று முழுவதும் என்னோடு கதைக்கவேயில்லை.

நான் கட்டைபறிச்சான் பிள்ளை. அப்பா கூலிக்கு வயல் செய்தவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கி போட்ட என் படம் வீட்டு முன்னறையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சாமிக்குப் பூ வைக்க மறந்தாலும் அதற்குத் தூசு தட்ட அம்மா மறப்பதில்லை. படித்தது விளையாட்டு விஞ்ஞானம். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இந்தக் கதையில் அந்தப் படிப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

எங்களுடையது விடுமுறைக் காலத்திலும் சனி, ஞாயிறுகளிலும் நடக்கிற கூட்டுப் பயிற்சி. பட்டணத்துப் பிள்ளைகள், மூதூர், கிண்ணியாப் பக்கப் பிள்ளைகள் எல்லாருமாக இருபத்திரண்டு பேர். கச்சான் காற்று எழும்புகிற மாதங்களில் எட்டு மணிக்குப் பிறகு எங்கள் மண்ணில் ஓட ஏலாது. காற்றா நெருப்பா என்று தெரியாத ஒன்று முகத்தில் அடிக்கும். அதனால் பயிற்சி காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும்.

ஆனால் அந்த ஆறு மணிக்கு முந்திய முக்கால் மணித்தியாலம் மக்டலின் அன்ரியுடையது. வேலைப் பதிவில் அவர் மைதானக் காப்பாளர். கேற்றைத் திறப்பதும் பூட்டுவதும் கோடு போடுவதும் தண்ணீர்ப் பீப்பாயை நிரப்புவதும்தான் அவருக்கு எழுதிக் கொடுத்த வேலை. அவர் செய்தது வேறு. ஐந்தே காலுக்கு லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டப் பாதை முழுவதையும் வெறுங்காலால் ஒரு சுற்று நடப்பார். நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு, சோடா மூடி எல்லாம் பிள்ளைகளின் காலுக்கு முதல் அவருடைய காலில் படவேண்டும். கடற்பக்க வளைவை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார். அதற்கு நேரம் எடுக்கும். அந்த இடத்தில் அவர் முள் தேடுவதாக எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். சப்பாத்து நூல், கால் நகம், தண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் வலது கையை நீட்டும். அன்ரி குனிந்து அந்தக் கையை மணந்து பார்ப்பார்.

முதல் முறை பார்த்தபோது எனக்கு அருவருப்பாகக்கூட இருந்தது. பேணாட்தான் விளக்கினார். சாப்பிட்ட கை மணக்கும். என்ன சோப் போட்டாலும் பருப்போ சம்பலோ சொதியோ நகக்கண்ணில் நிற்கும். கை மணந்தால் அந்தப் பிள்ளை ஓடலாம். மணக்காவிட்டால், பிஸ்கட் பேணியிலிருந்து நாலு பிஸ்கட்டும் சீனி கூட்டிய பிளேன்ரீயும் கொடுத்து ஒரு மணித்தியாலம் கதிரையில் இருத்திவிடுவார். திட்டும் இல்லை, கேள்வியும் இல்லை.

ஏன், வாயால் கேட்டால் என்ன என்றேன். பேணாட் ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் வாயால் கேட்கிற ஆள். இன்னும் சொன்னால், எழுத்தால் கேட்கிற ஆள். "பயிற்சிக்கு முந்திய ஆயத்தப் படிவம்" என்று ஒன்று தயாரித்தேன். பத்துக் கேள்விகள். நித்திரை கொண்டது எத்தனை மணித்தியாலம், காயம் உண்டா, தலைச்சுற்று உண்டா, காலை உணவு உண்டாயா. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். மூன்றாம் வருடத்தில் எனக்கு ஏ வாங்கித் தந்த பாடம் அது.

இருபத்திரண்டு படிவமும் நிரம்பி வந்தன. காலை உணவுக்கு இருபத்திரண்டு பேரும் "ஆம்" போட்டிருந்தார்கள். காயத்துக்கு இருபத்திரண்டு "இல்லை". குண்டு எறிகிற றிகாஸ், கால் பெருவிரலில் ஒரு சாண் துணி சுற்றிக்கொண்டு நின்றபடியே "இல்லை" போட்டிருந்தான். அன்று அன்ரி கதிரையில் இருத்தியவர்கள் ஐந்து பேர்.

படிவங்களை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, அன்ரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது பொய்யில்லை சேர்" என்றார். "பொய் சொல்லுறதெண்டு நினைச்சுச் சொல்லேல்லை. எங்கட சனத்திட்டச் சாப்பிட்டனியோ எண்டு கேட்டா அதுக்கு ஒரு விடைதானே இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த விடையை நானும் சொல்லியிருக்கிறேன். வழியில் யார் கேட்டாலும், வகுப்பில் ரீச்சர் கேட்டாலும், சிநேகிதன் வீட்டுக் குசினியில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தாய் கேட்டாலும், சாப்பிட்டாச்சு என்றுதான் வாய் சொல்லும். இல்லை என்றால் அது வீட்டைக் காட்டிக் கொடுப்பது. அல்லது, எனக்குத் தா என்று கேட்பது. இரண்டும் எங்களுக்கு ஏலாது. பசித்த வயிற்றோடு அந்தப் பதிலைச் சொல்லிப் பழகிய ஒருவன்தான், படித்து முடித்து வந்து, அதே கேள்வியை அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

ஆனாலும் படிவத்தை நான் நிறுத்தவில்லை. கோப்புக்கு அது தேவை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தன் மூக்கைப் பற்றி அன்ரிக்குப் பெருமை உண்டு. ஒருமுறை றிகாஸ் பஸ் நிலையத்துக் கடையில் சம்பலைத் தொட்டு உள்ளங்கையில் பூசிக்கொண்டு வந்தான். அன்ரி மணந்துவிட்டு அவனுடைய விரலைப் புரட்டிப் பார்த்தார். "கையைச் சாப்பிட வச்சிட்டாய், ராசா. வாயை எப்ப சாப்பிட வைக்கப் போறாய்?" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே கதிரைக்குப் போனான்.

இன்னொரு விசயமும் நாளாக நாளாக என் கண்ணில் பட்டது. ஆறரை மணிக்குச் சங்கீதம் போட்டபடி பேக்கரி ஓட்டோ வரும். அன்ரி தினமும் அதில் சீனி தூவிய இரண்டு பணிஸ் வாங்குவார். காகிதத்தில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைப்பார். அவர் சாப்பிட மாட்டார். கதிரையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்க மாட்டார். பிஸ்கட் முடிந்துபோன ஒரு நாள், லாச்சியில் பணிஸ் இருக்கிறதே என்றேன். "அது பிள்ளையளுக்கில்லை" என்றார். பத்து மணிக்கு வேலை ஓய்ந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு கடற்பக்க வளைவுக்குப் போய், மதிலுக்கு மேலால் கையை நீட்டுவார். மான்கள் வந்து தின்னும். பணிஸ் இரண்டும் முடியும்வரை அவர் கையை எடுப்பதில்லை.

பேணாட் கடைசியில் ஒரு நாள் ஓட்டோவுக்குள் வைத்துச் சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவரும் அந்த வரிசையில் நின்ற பிள்ளை. தினுஷா என்று ஒருத்தி அவர்களோடு ஓடினாள். பாலையூற்றுப் பிள்ளை, ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். அந்த நாட்களில் அன்ரி மணந்து பார்ப்பதில்லை. கேற்றில் நின்று எல்லாரையும் வாயால்தான் கேட்பார். அன்றைக்கும் கேட்டார். "ஓம் அன்ரி, சாப்பிட்டனான்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள்.

மூன்றாம் சுற்றில் கடற்பக்க வளைவில் அவள் விழவில்லை, நிலத்தில் குந்தி இருந்தாள் என்றார் பேணாட். சப்பாத்து நூல் கட்டுவதற்கு இருப்பதுபோல. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். தானும் அப்படித்தான் ஓடியதாகச் சொன்னார். அடுத்த சுற்று வந்தபோதும் அவள் அப்படியே இருந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

பிறவியிலேயே இருதயத்தில் ஒரு குறை, எங்கேயும் நடந்திருக்கும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஒருவரும் அன்ரியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தினுஷாவின் தாய் மைதானத்துக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை, இடத்தைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுப் போகும்போது சொன்னார்: அன்றைக்கு விடிய எழும்பிப் புட்டு அவித்து வைத்தேன், தொடவில்லை. கிறவுண்டில அன்ரி தருவா என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

வீட்டில் ஒரு கதை, இங்கே ஒரு கதை. இரண்டு பேரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு அன்ரி யாரிடமும் வாயால் கேட்டதில்லை. யார் அவருக்கு "ஓம்" சொன்னாலும் அவருக்கு அந்தக் குரல்தான் கேட்கிறதாம். ஆண் சொன்னாலும், கிழவர் சொன்னாலும், புதிதாக வந்த சேர் சொன்னாலும்.

இதைக் கேட்ட அடுத்த நாள் நான் கொஞ்சம் முந்தி வந்தேன். கேற் திறந்திருந்தது. இன்னும் சரியாக வெளிக்கவில்லை. அன்ரி வளைவில் குனிந்து நின்று, நிலத்தைப் பார்த்து ஏதோ மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார். கதைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவர்போல் நின்றார். காற்று மட்டும் மதிலில் உராய்ந்துகொண்டு போனது. நான் வெளியே போய் நின்று, சைக்கிள் மணியை அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தேன்.

இப்போது ஜுமானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது பதினைந்து. ஊர் குறிஞ்சாக்கேணி. வாப்பா களப்பில் மீன் பிடிக்கிறவர். இருட்டோடு வாப்பாவின் சைக்கிளில் கிண்ணியாவுக்கு வந்து, முதல் பஸ் பிடித்து, முக்காடு காற்றில் அடிக்க அடிக்க மைதானத்துக்குள் வருவாள். தினுஷா ஓடிய அதே ஆயிரத்து ஐந்நூறு. என் கையில் இருந்த பிள்ளைகளில் மாகாணப் போட்டியைத் தொடக்கூடியவள் அவள் ஒருத்திதான். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் மூத்த பிரிவுக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு இடமில்லை. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

ஏழு கிழமையாக அவளுடைய கை ஒரு நாளும் மணக்காமல் இருந்ததில்லை. விடியற்காலையிலேயே மீன் கறியோடு சாப்பிட்டுவிட்டு வாறாள், கெட்டிக்காரி என்று அன்ரி சொல்வார். ஆனால் கடைசிச் சுற்றில் அவள் ஒவ்வொரு நாளும் தளர்ந்தாள். என் குறிப்புப் புத்தகத்தில் "சகிப்புத்திறன் குறைவு" என்று எழுதி, அதற்கு நாலு பயிற்சிகளும் எழுதினேன்.

தெரிவு ஓட்டம் ஒரு சனிக்கிழமை, ஆறரைக்கு. மாவட்டத்திலிருந்து சோமசேகரம் சேர் வந்திருந்தார். தொப்பி போட்ட, நேரம் தவறாத மனிதர். வேறு மைதானங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். காற்று அன்று நேரத்தோடு எழும்பிவிட்டது. சுண்ணாம்புக் கோடு போடப் போட அழிந்தது.

அன்ரி வரிசையில் வந்தார். ஜுமானாவின் வலது கையை மணந்தார். விட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். அவள் அன்று இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மற்றக் கையைத் தா" என்றார்.

ஜுமானா தரவில்லை. அன்ரியே எடுத்து மணந்தார். பிறகு வலது கை. பிறகு திரும்பவும் இடது கை. அவருடைய முகம் வெளிறிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இடக்கையால ஆரும் சாப்பிடுறேல்லை, பிள்ளை" என்றார் மெதுவாக.

இரண்டு கையும் ஒரேமாதிரி மீன் மணந்தன. மூன்றரைக்கு எழும்பி, உம்மாவோடு இருந்து வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வருகிற பிள்ளை. ஏழு கிழமையாக அன்ரியின் மூக்கு அந்தப் பச்சை மீனைக் கறி என்று நம்பி அவளை ஓடவிட்டிருக்கிறது.

அன்ரி பிஸ்கட் பேணியை எடுக்கப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். இவள் ஓட ஏலாது சேர் என்றார்.

விசிலோடு சோமசேகரம் சேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் மணப்பதால் சாப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது, பிள்ளையிடமே கேட்போம் என்றேன். கேட்டேன்.

"ஜுமானா, சாப்பிட்டனியா?"

"ஓம் சேர். சாப்பிட்டுத்தான் வந்த நான்."

எனக்கு அந்த விடை தேவையாயிருந்தது, கிடைத்தது. பார்த்தீர்களா அன்ரி என்றேன். சொல்லும்போதே அவளுடைய உதடு காய்ந்து வெடித்திருப்பது என் கண்ணில் பட்டது. பட்டும் சொன்னேன்.

அன்ரி தலையைத் திருப்பி வளைவைப் பார்த்தார். இருபத்திரண்டு பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார்கள். புழுதி ஒரு சுழி சுழித்து அடங்கியது. பிறகு அவர் ஜுமானாவிடம் திரும்பி, தனக்கே சொல்வதுபோல் சொன்னார்.

"தினுஷா எண்டு ஒரு பிள்ளை. அண்டைக்கு என்ர பையில ரெண்டு பணிஸ் இருந்தது. அவள் ஓம் எண்டு சொன்னதால நான் எடுத்துக் குடுக்கேல்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாப் பிறகு, ஒரு பத்து மணிபோல எனக்குப் பசிச்சுது. அதை நான்தான் சாப்பிட்டனான். ரெண்டையும்."

பேணாட் கையிலிருந்த குண்டை நிலத்தில் வைத்தார். இந்தப் பகுதி அவருக்கும் தெரியாது.

"பதினொரு வருசமா நான் ஒருத்தரையும் கேட்டதில்லை" என்றார் அன்ரி. "இப்ப உன்னைக் கேக்கிறன். சாப்பிட்டனியா?"

ஜுமானா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த நிறுத்தற் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் முக்காட்டுத் தலைப்பை வாயில் கடித்து, பிறகு எடுத்தாள்.

"இல்ல அன்ரி" என்றாள்.

அந்தச் சொல் முடிந்த பிறகும் அன்ரி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு ஜுமானாவுக்கு எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. ஓடுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னமே சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சேர் படிப்பித்தார். அந்தக் கணக்குப் பார்த்தால் வலை கழற்றுகிற நேரத்தில் சாப்பிட வேண்டும். உம்மா அடுப்பு மூட்டுவது அதற்குப் பிறகு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் பஸ்ஸில் எல்லாரும் பார்க்கத் தனியே தின்ன ஏலாது, எல்லாருக்கும் கொடுக்கவும் காணாது. அவள் அழவில்லை. என் பாடத்தை எனக்கே ஒப்புவிக்கிறவள்போல் சொல்லிக்கொண்டு போனாள்.

வரிசையின் கடைசியிலிருந்து றிகாஸ் தொண்டையைச் செருமினான். "அன்ரி, நானும் சாப்பிடல்ல. படிவத்தில போட்டது வேற கதை" என்றான். அவனுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு, நானும்தான் என்றாள்.

நான் சோமசேகரம் சேரிடம் ஓடினேன். பெண்களின் ஆயிரத்து ஐந்நூறைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டார். தம்பி, எனக்கு விளங்குது, ஆனால் ஒன்பது மணிக்கு நான் அடுத்த மைதானத்தில் நிற்கவேண்டும், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தூர இடத்துப் பிள்ளைகள் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. விசில் ஊதினார்.

ஜுமானா இல்லாமல் ஆறு பேர் ஓடினார்கள். ஸல்ஹா என்று மூதூர்ப் பிள்ளை ஒருத்தி முதலாவதாக வந்தாள். நேரம் எடுத்தது நான்தான். ஜுமானா பயிற்சியில், வெறும் வயிற்றோடு ஓடிய நேரத்தைவிட அது பதினொரு செக்கன் கூட. கடிகாரத்தை யாருக்கும் காட்டாமல் நேரத்தை மட்டும் வாசித்துச் சொன்னேன்.

இது நடந்து ஆறு மாதமாகிறது. ஜுமானா மாகாணத்துக்குப் போகவில்லை. மூத்த பிரிவில் இப்போது ஆறாவதாகவோ ஏழாவதாகவோதான் வருகிறாள், ஆனாலும் வருகிறாள். படிவத்தில் அந்தக் கேள்வியின் இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டு, ஒரு வெறுங்கோடு போட்டிருக்கிறேன். அதில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவேண்டும். சில நாட்களில் சிலர் "ஒண்டுமில்லை" என்று எழுதுகிறார்கள். எழுதியவர்கள் தாங்களாகவே கதிரைக்குப் போகிறார்கள். நானும் ஒரு பை பாண் வாங்கிக்கொண்டு வருகிறேன். எல்லாருக்கும் பொதுவாக மேசையில் கிடந்தால் கூச்சமில்லாமல் எடுக்கிறார்கள்.

அன்ரியிடம் ஒருமுறை கேட்டேன், அந்தக் குரல் போய்விட்டதா என்று. "போகேல்லை சேர்" என்றார். "இப்பவும் கேக்குது. ஆனா இப்ப அதுக்குப் பின்னால மற்றப் பிள்ளை இல்ல எண்டு சொன்ன குரலும் கேக்குது." அவர் இன்னமும் வளைவைக் கடைசிக்குத்தான் வைத்திருக்கிறார். எனக்கும் சில விடியற்காலைகளில், காற்று மதிலில் உராய்கிற நேரம், ஒரு குரல் கேட்கிறது. தினுஷாவை நான் கண்டதில்லை. எனக்குக் கேட்பது "ஓம் சேர்".

அந்தத் தெரிவுச் சனிக்கிழமை, ஓட்டங்கள் எல்லாம் முடிந்து பிள்ளைகள் போன பிறகும் ஜுமானா வாப்பா வரும்வரை பார்த்துக்கொண்டு அறை வாசலில் இருந்தாள். அன்ரி லாச்சியைத் திறந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அவளுக்குப் பக்கத்தில் குந்தி அவள் மடியில் வைத்தார். முதல் பணிஸை அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். இரண்டாவதைக் கையில் எடுத்து, பாதியாகப் பிய்த்து அன்ரியிடம் நீட்டினாள். அன்ரி வாங்கவில்லை. சாப்பிடு என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை, கடைசிச் சீனிக்குறுணியை விரலால் ஒற்றி எடுக்கும்வரை, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மான்கள் மதிலடிக்கு வந்து நின்றன. அன்ரி எழும்பி வளைவுக்கு நடந்தார். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. வழக்கம்போல மதிலுக்கு மேலால் வலது கையை நீட்டி விரித்தார். ஒரு பெட்டை மான் கழுத்தை நீட்டி, ஈர மூக்கை உள்ளங்கையில் வைத்து, கனநேரம் மணந்து பார்த்தது.